வயல் நடுவே ஒரு பொதுவழி: அதை யார், எப்படி நகர்த்தலாம்?

வேலியோரத்தில் ஒரு மரக்கம்பம். மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஓர் அறிவிப்பு அதில் கட்டித் தொங்குகிறது. கூடவே சின்ன வரைபடம். அதில் தடித்த முழுக்கோடு ஒன்று, விட்டுவிட்டு ஓடும் கோடு ஒன்று. முழுக்கோடுதான் நீங்கள் இப்போது நின்றுகொண்டிருக்கும் பாதை. அதை எடுத்துவிடப் போகிறார்கள். விட்டுவிட்டு ஓடுவது அதற்குப் பதிலாக வரப்போகும் பாதை. கீழே ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதி அனுப்பலாம். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. அந்தப் பாதையில் தினமும் நடப்பவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிராமப்புறத்தில் நடப்பவர்களுக்கு இந்தக் காகிதம் பழகிய காட்சி. ஒரு வயலுக்கு நடுவே போகும் பாதையை அதே வயலின் ஓரத்துக்குத் தள்ளிவைக்க இத்தனை சடங்கா என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். அந்தக் காகிதம் அந்தக் கம்பத்துக்கு வந்து சேர்வதற்கே அந்த நாட்டில் நூறாண்டுக்கும் மேல் சண்டை நடந்திருக்கிறது.

மண் அவருடையது, வழி எல்லோருடையது

நம்மூரில் வண்டிப்பாதை என்றால் பெரும்பாலும் அது புறம்போக்கு. நிலமே அரசுடையது. இங்கிலாந்தின் பொது நடைவழி அப்படியல்ல. மண் முழுக்க விவசாயியின் சொந்தப் பட்டா நிலம் போல. அவர் அதை உழலாம், விதைக்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் அதன் மேல் ஒரு குறிப்பிட்ட கோட்டில் நடந்து போகும் உரிமை மட்டும் ஊர் உலகத்துக்கே உண்டு. நிலம் கைமாறினாலும் அந்த உரிமை கைமாறாது. பத்து வருடம் ஒருவரும் நடக்கவில்லை என்பதற்காக அது தேய்ந்தும் போகாது. பேருந்து ஓடும் தார்ச்சாலைக்கும் பார்லி வயலைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப்பாதைக்கும் சட்டம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இரண்டுமே பொதுச் சாலை. ஒருமுறை பொதுவழி ஆனது என்றும் பொதுவழியே என்பது அங்கே நீதிமன்றங்கள் பல தலைமுறையாகப் பிடித்துவரும் கொள்கை.

இரண்டு நாடுகளிலும் சேர்த்து இப்படிப்பட்ட வழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். பெரும்பகுதி காலால் மட்டும் நடக்கும் பாதைகள். சிலவற்றில் குதிரையும் சைக்கிளும் போகலாம். நடைவழிக்கு மஞ்சள் அம்பு, குதிரை வழிக்கு நீல அம்பு. ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் இவை பச்சை நிறத்தில் விட்டுவிட்டு ஓடும். அந்தப் பச்சைக் கோடு எங்கே போகிறதோ அங்கே, ஒருவரிடமும் கேட்காமல், அந்நியர் ஒருவரின் மாட்டுக் கொட்டகை வாசலிலும்கூட நீங்கள் நடக்கலாம்.

விவசாயிக்குக் கடமைகள் உண்டு. வயல் நடுவே போகும் பாதையை உழவுக்காகக் கலைத்தால் 14 நாளுக்குள் திரும்ப நடக்கும்படி சமன் செய்து, குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குக் கோடு தெரியும்படி விட வேண்டும். பயிர் வளர்ந்து வழியை மூடக்கூடாது. வயலோரப் பாதையாக இருந்தால் உழவே கூடாது. 1990-ல் வந்த சட்டம் இது. அதற்கு முன் வருடா வருடம் உழவோடு பாதையும் காணாமல் போவதும், நடப்பவர்கள் பயிருக்குள் இறங்கி வழி தேடுவதும், வாய்ச்சண்டை வருவதும் வாடிக்கை.

பாதை ஏன் முற்றத்துக்குள் போகிறது?

பழைய பாதைகள் உல்லாச நடைக்காகப் பிறந்தவை அல்ல. பண்ணையாள் வேலைக்குப் போன வழி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன வழி, தானியத்தை ஆலைக்குத் தூக்கிப் போன வழி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் பிணம் தூக்கிக் கல்லறைக்கும் போன வழி. அன்றைக்குப் பண்ணைவீடுதான் போய்ச் சேரும் இடம். அதனால் பாதை நேராக அதன் முற்றத்துக்குள் நுழைந்து, கொட்டகையைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறுகிறது.

இன்று அதே முற்றத்தில் ஆளுயரச் சக்கரம் வைத்த டிராக்டர் பின்பக்கமாக வந்து திரும்புகிறது. ஓட்டுபவர் உயரத்தில் இருக்கிறார். கீழே நாயோடு போகும் குடும்பத்தை அவர் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பக்கத்தில் சாணக்கரைசல் தேங்கிய தொட்டி. வசந்தகாலத்தில் கன்று ஈன்ற பசுக்கள். தாய்ப்பசுவுக்கு நாயைக் கண்டால் ஆகாது. பிரிட்டனில் மாடு மிதித்து நடைபயணிகள் செத்திருக்கிறார்கள். கறவை இனக் காளை பத்து மாதம் தாண்டியிருந்தால் பொதுவழி கடக்கும் வயலில் அதை விடவே கூடாது என்று 1981-ம் ஆண்டுச் சட்டத்தில் விதி இருக்கிறது. இன்னொரு பக்கம், கொட்டகைகளும் ஆலைகளும் வீடுகளாக மாறிவிட்டன. பாத்திரம் கழுவும் பெண்ணின் ஜன்னலுக்கு நாலடி தூரத்தில், நாள் முழுக்க, முகம் தெரியாதவர்கள் கடந்துபோகிறார்கள்.

பாதையை நகர்த்தக் கேட்பவர்களை நிலத்திமிர் பிடித்தவர்கள் என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. மாட்டோடும் இயந்திரத்தோடும் மாரடிப்பவர் அந்தக் கோட்டை நாற்பது அடி தள்ளிப் போடச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பாதை தோட்டத்துக்குள் போகிறது என்று தெரிந்தே, ஆவணத்தில் பார்த்தே வீட்டை வாங்கிவிட்டு, குடிவந்த மறுவருடமே மனு போடுபவரிடம் அதே இரக்கம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. சட்டம் இருவருக்கும் ஒரே மனுப் படிவத்தைத்தான் கொடுக்கிறது.

இரண்டு நீதிபதிகள் போதும் என்ற காலம்

நடைபயணிகள் எதற்கெடுத்தாலும் ஆட்சேபிக்கிறார்கள் என்று நிலக்காரர்கள் குறைப்படுவதுண்டு. ஆனால் நடைபயணிகளின் சந்தேகத்துக்கு வேர் ஆழத்தில் இருக்கிறது. 1815-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஒரு பாதை தேவையற்றது என்று உள்ளூர் கௌரவ நீதிபதிகள் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும், அதை மூடிவிடலாம். அந்த நீதிபதிகள் யார்? பெரும்பாலும் அதே வட்டாரத்து நிலக்கிழார்கள். இன்று உன் தோட்டத்துப் பாதைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், நாளை என் தோட்டத்துப் பாதைக்கு நீ போடு.

தொழில்நகரங்கள் விடவில்லை. 1824-ல் யார்க் நகரிலும் 1826-ல் மான்செஸ்டரிலும் பழைய பாதைகளைக் காக்கச் சங்கங்கள் உண்டாயின. புகையும் பஞ்சுத்தூசியும் மண்டிய ஊரில் ஆறுநாள் வேலை செய்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை வயல்வழி நடைதான் ஒரே காற்று. அது போனால் என்ன ஆகும் என்று 1896 செப்டம்பரில் போல்டன் நகரம் காட்டியது. ஊருக்கு வெளியே வின்டர் ஹில் என்ற குன்று. சலவை ஆலை முதலாளியான கர்னல் ஐன்ஸ்வொர்த் அதன் மேல் ஏறும் வழியைத் தன் வேட்டைப் பறவைகளுக்காக அடைத்தார். செப்டம்பர் 6, ஞாயிறன்று சுமார் பத்தாயிரம் பேர் திரண்டு, பூட்டிய கதவைத் தாண்டி மலையேறினார்கள். வழக்கில் ஜெயித்தது கர்னல்தான். அந்த வழி முறைப்படி பொதுவழியாக அறிவிக்கப்பட்டது 1996-ல், சரியாக நூறாண்டு கழித்து.

இருபது ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்தால் அது பொதுவழி என்ற விதி 1932-ல் சட்டமானது. இன்று அது 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31-வது பிரிவு. தமிழ்நாட்டு வழக்கறிஞர்களுக்கு இந்த இருபது புதிதல்ல. பக்கத்து நிலத்தின் வழியே நடக்கும் உரிமைக்கு 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் கேட்பதும் அதே இருபது ஆண்டுதான். ஆங்கிலச் சட்டத்தின் அச்சில் வார்த்தது அது. ஒரு வேறுபாடு: நம்முடையது ஒரு நிலத்துக்காரருக்கு இன்னொரு நிலத்தின் மேல் உள்ள உரிமை, அங்கே பேசப்படுவது பொதுமக்கள் எல்லோருக்கும் உள்ள உரிமை.

பிறகு 1949-ல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுன்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளையெல்லாம் நடந்து பார்த்து, கேட்டு, ஓர் அறுதி வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் கோடு இருந்தால், சட்டப்படி வழி இருக்கிறது. அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அன்றுமுதல் ஒரு பாதையை நகர்த்துவது என்பது அந்தக் கோட்டை நகர்த்துவதுதான்.

கோட்டை நகர்த்தும் முறை

விவசாயி கவுன்சிலிடம் மனு கொடுக்கிறார். 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் பிரிவு 119: இதில் புழங்குபவர்கள் வாயில் இந்த எண் சட்டத்தின் பெயரைவிட அதிகம் வரும். செலவு மனுதாரருடையது. அது பல ஆயிரம் பவுண்டு வரை போகும். காத்திருப்பு வருடக் கணக்கில். கவுன்சில் முதலில் ஊர்மன்றத்தையும், ராம்ப்ளர்ஸ், ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளையும் கலந்து பேசும். ஒப்புக்கொண்டால் ஆணை பிறப்பிக்கும். ஆனால் அந்த ஆணைக்கு இன்னும் உயிரில்லை. அதை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். மாறப்போகும் பகுதியின் இரண்டு முனையிலும் ஒட்ட வேண்டும். முதலில் பார்த்த மரக்கம்பத்துக் காகிதம் அதுதான். குறைந்தது 28 நாள் அது அங்கே தொங்க வேண்டும்.

ஆட்சேபம் வரவில்லை என்றால் கவுன்சிலே உறுதிசெய்துவிடலாம். ஒரே ஒரு ஆட்சேபம் வந்து அது திரும்பப் பெறப்படவில்லை என்றாலும் கவுன்சிலின் கை கட்டப்படுகிறது. விஷயம் மேலே போகும்: இங்கிலாந்தில் அமைச்சரின் சார்பில் திட்ட ஆய்வகம் ஓர் ஆய்வாளரை நியமிக்கும், வேல்ஸில் வேல்ஸ் அரசின் கீழ் அதற்கென ஓர் அமைப்பு உண்டு. எழுத்தில் வாதம் வாங்கியோ, சிறிய விசாரணையாகவோ, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் பொது விசாரணையாகவோ அது நடக்கும். ஆய்வாளர் காலணி மாட்டிக்கொண்டு பழைய வழியிலும் புதிய வழியிலும் நடந்து பார்ப்பார்.

அவர் பார்ப்பது என்ன? பாதையை நகர்த்துவது நிலக்காரருக்கோ மக்களுக்கோ நன்மையா என்பது முதல் கேள்வி. அதைத் தாண்டுவது எளிது. அடுத்தது, புதிய வழி மக்களுக்குக் கணிசமாக வசதி குறைந்ததாக இருக்கக்கூடாது. நூறு மீட்டர் கூடுகிறதா? தட்டையாக இருந்தது ஏற்றமாகிறதா? காய்ந்த நிலம் போய்ச் சேறு வருகிறதா? முதியவர் கடந்துபோன கதவுக்குப் பதிலாக வேலியேறிக் கடக்கும் படிக்கட்டு வருகிறதா? வழி ஒரு சாலையில் போய் முடிகிறது என்றால், புதிய வழியும் அதே சாலையிலோ அதோடு இணைந்த சாலையிலோ, ஏறத்தாழ அதே வசதியோடு போய் முடிய வேண்டும்.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது கடைசிக் கேள்வி: முழுப் பாதையையும் மக்கள் நடந்து மகிழ்வதில் இந்த மாற்றம் என்ன செய்கிறது? மகிழ்ச்சி என்ற சொல்லை ஒரு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளே வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. வசதி வேறு, மகிழ்ச்சி வேறு. இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்று 2002-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. புதிய வழி நீளத்தில் சமமாக, காய்ந்ததாக, கதவோடு இருக்கலாம். ஆனால் பழைய வழி மேட்டில் ஏறும்போது பள்ளத்தாக்கு முழுவதும் திடீரென விரியும். புதியதோ இரண்டு கம்பிவேலிகளுக்கு நடுவே, செந்தட்டிச் செடி உரச, எதையும் காட்டாமல் போகும். அப்படியானால் ஆய்வாளர் மறுக்கலாம். எதிர்த்திசையிலும் ஒரு வாதம் உண்டு. ஒருவர் வீட்டுச் சமையலறை ஜன்னலை உரசிப் போவது நடப்பவருக்கும் கூச்சம்தான். அந்தக் கூச்சம் விலகுவதும் மகிழ்ச்சியில் சேரும். பல ஆணைகள் இந்தக் காரணத்தாலேயே உறுதியாகியிருக்கின்றன.

முதலில் அடைத்துவிட்டு, பிறகு மாற்றக் கேட்டால்?

இதற்குப் பதில் கிழக்கு சசெக்ஸில் ஃப்ராம்ஃபீல்ட் 9 என்ற பாதையிலிருந்து வந்தது. பெரும் சொத்துக்காரர் ஒருவரோடு தொடர்புடைய நிலம் அது. பாதையின் குறுக்கே ஒரு கொட்டகை, பூட்டிய கதவு, முள்கம்பி, பழைய குளிர்சாதனப் பெட்டிகள். வருடக் கணக்கில் ஒருவரும் போக முடியவில்லை. ராம்ப்ளர்ஸ் நீதிமன்றம் போனது. நில உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. தடைகள் அப்படியே நின்றன. இந்தக் கட்டத்தில் கவுன்டி கவுன்சில் தேர்ந்தெடுத்த தீர்வுதான் முக்கியம். தடையை அகற்றுவதற்குப் பதிலாகப் பாதையைத் தடையைச் சுற்றி மாற்றிவிடலாம் என்று அது முடிவுசெய்தது.

பொதுவழி இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்துவரும் கேட் ஆஷ்புரூக் அந்த முடிவை எதிர்த்து வழக்குப் போட்டார். 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, கவுன்சிலின் முடிவை ரத்து செய்தது. 2003 பிப்ரவரியில் தடைகள் அகற்றப்பட்டு, பழைய கோட்டிலேயே மக்கள் நடந்தார்கள்.

எனக்கு இந்த வழக்கில் பெரிதாகப் படுவது கொட்டகையோ முள்கம்பியோ அல்ல. மாற்றுவழியைத் தேர்ந்தெடுத்தது ஒரு பொது அலுவலகம். அடைத்தவரோடு மல்லுக்கட்டுவதைவிடக் கோட்டை நகர்த்துவது அதற்குச் சுலபமாகத் தெரிந்தது. அடைத்தவருக்கு அந்தச் சுலபத்தைப் பரிசாகக் கொடுத்தால் நாளை எந்த நிலக்காரர் மனு போட்டு, பணம் கட்டி, 28 நாள் காத்திருப்பார்? அதனால்தான் பழைய வழியையும் புதிய வழியையும் ஒப்பிடும்போது, பழைய வழி தடையில்லாமல் திறந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்பது நடைமுறை.

கடந்த சில ஆண்டுகளில் துலாக்கோல் நிலக்காரர் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆணையை உறுதிசெய்யும் கட்டத்திலும் நிலக்காரருக்கு வரும் நன்மையைக் கணக்கில் எடுக்கலாம் என்று 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறை இங்கிலாந்துக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வீட்டுத் தோட்டம், இயங்கும் பண்ணைமுற்றம், வணிக வளாகம் ஆகியவற்றின் வழியே பாதை போய், அதனால் அந்தரங்கத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று காட்டப்பட்டால், மாற்றத்துக்கு ஆதரவாகவே கவுன்சில் தொடங்க வேண்டும் என்கிறது அது. பண்ணைமுற்றத்துக்கு இது சரி. ஆனால் தோட்டம் என்ற சொல் நீளும். நேற்றுவரை மேய்ச்சல் நிலமாக இருந்ததில் புல்வெட்டி ஓட்டி, இரண்டு பெஞ்ச் போட்டு, இதுவும் என் தோட்டம் என்று சொல்ல யாராலும் முடியும். ஆணைகளைப் பார்க்கும் அதிகாரிகள் கண் வைக்க வேண்டிய இடம் அது.

திருத்துவது வேறு, நகர்த்துவது வேறு

ஊர்க்கூட்டங்களில் இந்த இரண்டும் கலந்து குழம்பிப் போகும். அறுதி வரைபடம் தவறு, பாதை உண்மையில் ஆற்றங்கரையோரம்தான் போனது என்று ஒருவர் மனு கொடுத்தால், அது திருத்தம். அங்கே சாட்சியம் மட்டுமே பேசும்: பழைய வரைபடம், பொதுநிலங்களுக்கு வேலியடைத்த காலத்து ஆவணம், நடந்தவர்களின் வாக்குமூலம். யாருக்குத் தொந்தரவு, எது பாதுகாப்பு என்ற கேள்வியே எழாது. தன் தொந்தரவைக் கண்ணீரோடு எடுத்துச் சொல்லும் வீட்டுக்காரரிடம் அது எடுபடாது என்று அதிகாரி சொல்லும்போது அவருக்குக் கொடுமையாகத் தோன்றும். அவர் போக வேண்டிய கதவு பிரிவு 119. அங்கே அவர் சொல்வதற்கு எடை உண்டு.

திருத்தங்கள் நிறைய பாக்கி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரைபடத்தில் ஏறாமல் விடுபட்டிருக்கக்கூடிய பாதைகள் 49,000 மைலுக்கு மேல் என்று ராம்ப்ளர்ஸ் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள். 2000-ம் ஆண்டுச் சட்டம், பழைய ஆவணங்களை மட்டும் வைத்துப் பாதைகளைப் பதிவதற்கு 2026 ஜனவரி 1-ஐக் கெடுவாக வைத்தது. இங்கிலாந்தில் அந்தக் கெடு 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. பதிவேறாத வழியை நகர்த்த 28 நாள் அறிவிப்பு தேவையில்லை, ஆய்வாளர் தேவையில்லை. ஒரு சுருள் முள்கம்பி போதும்.

கடலோரத்தில் மட்டும் கதை வேறு. அங்கே நிலக்காரரையும் நடைபயணியையும் கேட்காமல் கடலே பாதையை அரிக்கிறது. சாதாரணப் பொதுவழி கரையோடு சரிந்துவிட்டால் போனது போனதுதான். ஆனால் 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இங்கிலாந்துக் கடற்கரைப் பாதைக்கு, கரை அரிக்க அரிக்க உள்ளே பின்வாங்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைக்க முடியும். தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளும் பாதை! அமைச்சர் ஒப்புதல் தரும் திட்ட அறிக்கையிலேயே அந்த ஏற்பாடு எழுதப்படுவதால்தான் அது முடிகிறது.

மீண்டும் வயலுக்கு வருவோம். பிரிவு 119-ன் கீழ் ஆணை உறுதியானாலும் பழைய வழி அந்த நிமிடமே சாவதில்லை. உறுதியான அறிவிப்பு வெளிவந்து ஆறு வாரத்துக்குள் சட்டப் பிழை இருப்பதாக உயர் நீதிமன்றம் போகலாம். அதைவிட முக்கியம்: புதிய வழியில் வேலை செய்ய வேண்டியிருந்தால் மனுதாரர் அதை முடிக்க வேண்டும். கதவு வைக்க வேண்டும், வாய்க்காலுக்குப் பலகை போட வேண்டும், பெரும்பாலும் இரண்டு மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும். கவுன்சில் அதிகாரி நடந்து பார்த்து, இது நடக்கத் தகுந்தது என்று சான்று தரும்வரை பழைய பாதை அப்படியே உயிரோடு இருக்கும். சான்று கையெழுத்தான நாளில்தான் முழுக்கோடு மறைந்து, விட்டுவிட்டு ஓடிய கோடு அதன் இடத்தைப் பிடிக்கிறது. மரக்கம்பத்தின் மஞ்சள் அம்பை யாரோ ஒருவர் திருகு கழற்றி, திசை மாற்றி மாட்டுகிறார். அதன் பிறகும் பல வருடம், மடித்து மடித்துக் கிழிந்த பழைய வரைபடத்தோடு ஒருவர் அந்த வேலியடியில் வந்து நிற்பார். பழைய கோட்டைப் பார்ப்பார், புதிய அம்பைப் பார்ப்பார், வயலோரமாகத் திரும்புவார்.